சோப்புப் பாட்டுக்கு முந்திய இருபத்தொரு நிமிடம்

அண்ணாச்சியின் வலது கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழா. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி வெயில். பள்ளிக்கூட மைதானத்தில் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, மேலே பலகை அடித்து மேடை கட்டியிருந்தோம். மேடைக்கு இடது பக்கம் ஒரு மூங்கில் கம்பு. அதில்தான் சுவிட்ச். மேடைக்குப் போகிற கரண்டு முழுவதும் அந்த ஒரு சுவிட்ச் வழியாகத்தான் போனது.

"ஏல முருகேசா, நல்லா கேட்டுக்கோ. கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சாலும் சரி, நான் இத கீழ இறக்கிருவேன். பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது."

"சரி அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தப்புச் செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் நான்.

மேடையில் நான்கு பேர் தயாராக நின்றார்கள். அவர்கள் வாசிக்கப் போகிற பாட்டின் நீளம் இருபத்தொரு நிமிடம். அதை மட்டும் நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

மஞ்சள் கோட்டு

செல்வி, குமார், போன வாரம் டெம்போ வாங்கிய கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் அந்த டெம்போவில் ஏற்றிய ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறீர்கள் என்று தெரியும். நானும் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். அதனால் சின்னச் சின்னப் பத்தியாகவே எழுதுகிறேன். நமக்குள் அது போதும்.

சில வாரங்களுக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வி போனில் ஒரு பழைய விளம்பரத்தைக் காட்டினாள். ஒரு பெண் வாளியில் துணி முக்குகிறாள். பின்னால் நான்கு பேர் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு கிட்டாரும் கையுமாகக் குதிக்கிறார்கள்.

"அப்பா, நீங்க எப்பவும் பெருமையா சொல்ற பேண்ட் இவங்கதானா?"

"இவங்கதான்" என்றேன்.

குமாருக்குப் புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு. என் வாயில் சோறு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தக் குதிப்பை நான் மறைக்கப் போவதில்லை. அந்தச் சோப்புப் பாட்டு எண்பதுகளில் பம்பாய் முழுவதும் ஒலித்தது. லோக்கல் ரயிலில் பிச்சை எடுப்பவர்கள்கூட அதைப் பாடினார்கள். ஆனால் அந்த நால்வரைச் சோப்போடு சேர்த்து மூட்டை கட்டுவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் அதற்கு முன்னால் அவர்கள் செய்ததை நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. நூறு தடவைக்கு மேல்.

எப்போது ஆரம்பிப்பீர்கள்?

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சால்ட் பேன்'. நம் பாஷையில் உப்பளம். செம்பூரிலிருந்து வடாலாப் பக்கம் டெம்போவில் போனால் வழியில் உப்பளங்கள் தெரியும். கட்டம் கட்டமாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைக் குவியல். அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். எங்கள் சந்தில் அவர்களை 'உப்புக் கோஷ்டி' என்பார்கள். பிறகு அது 'சோப்புக் கோஷ்டி' ஆயிற்று.

ஆர்கன் வாசித்தவர் சுந்து. மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். அவருடைய அப்பா ஒரு பெரிய ஆபீசில் சூப்பரின்டெண்டண்ட். கிட்டார் ஜெரோம், செம்பூரில் வளர்ந்த கோவாக்காரர், தமிழ் தெரியாது. டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் இன்னும் இரண்டு பேர்.

நான் தோல் மூட்டை ஏற்றுகிற டிரைவர். ஒரு நாள் செம்பூரில் சரக்கு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது சுந்து கை காட்டி நிறுத்தினார். ஆர்கனைக் கல்லூரி ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். தோல் மூட்டையை எறிகிற மாதிரி அதை எறியக் கூடாது என்று அவர் சொன்ன விதத்தில், உள்ளே குழந்தை எதுவும் படுத்திருக்கிறதோ என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவர்கள் எங்கே போனாலும் என் வண்டிதான்.

செம்பூரில் ஒரு கார் கேரேஜில் ஒத்திகை. தரையெல்லாம் எஞ்சின் ஆயில் வாடை. மாட்டுங்காவிலிருந்து சுந்து ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருவார். ஆம்ப்ளிஃபையர் சூடானதும் அதிலிருந்து ஒரு தூசி வாசனை வரும். காப்பியும் ஆயிலும் அந்தத் தூசியும் கலந்த வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

முதல் நாள் நான் கேரேஜ் வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னவோ போட்டு உருட்டினார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் வந்தார்கள், நின்றார்கள், மறுபடி வந்தார்கள். சுருதி சேர்க்கிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தேன்.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

சுந்து காப்பியை மூடியில் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "முடிச்சாச்சு, முருகேசா."

ஜெரோம் என்ன விஷயம் என்று கேட்க, சுந்து சொல்ல, நால்வரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். செல்வி, உன்னைவிட அதிகமாக நான் அவர்களை அவமானப்படுத்தியிருக்கிறேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழு

அந்தப் பாட்டின் பெயர் 'ஹை டைட்'. கடல் ஏறி வருவது. பாட்டு என்று சொல்கிறேனே தவிர அதில் வார்த்தையே கிடையாது. பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை.

எனக்கு அது எப்படிப் பிடித்தது என்று கேட்டால், காதுக்கு முன்னால் விரலுக்குப் பிடித்தது என்பேன். ஒத்திகை நடக்கும்போது நான் ஸ்டியரிங்கில் தாளம் போடுவேன். நாலு நாலாகத் தட்டினால் எங்கேயோ இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சுந்து வெளியே வந்து அதைப் பார்த்துவிட்டு, "அது ஏழுடா. தகதிமி தகிட. எங்காத்துல கச்சேரிக்குக் கச்சேரி கேக்கற கணக்குதான். அதைத்தான் ஜெரோம் தலையில கட்டியிருக்கேன்" என்றார்.

அன்றைக்குச் சயனிலிருந்து தாராவி வரைக்கும் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டே வந்தேன். டிராபிக் போலீஸ் கை காட்டியதைக் கவனிக்கவில்லை. திட்டு வாங்கினேன். ஆனால் பூட்டு திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சங்கீதம் எனக்கு வழி காட்ட ஆரம்பித்தது. முதலில் ஆர்கன் மட்டும், தரையோடு தரையாக. தண்ணீர் உப்பளக் கட்டத்துக்குள் நுழைகிற மாதிரி. பிறகு டிரம்ஸ். பிறகு ஜெரோமின் கிட்டார் மேலே மேலே ஏறும். ஆரம்பத்திலிருந்து பத்து நிமிடம் ஆனதும், உச்சியில் நான்கு பேரும் ஒன்றாக ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்துவார்கள்.

நிறுத்துவார்கள் என்றால், முழுதாக நிறுத்துவார்கள். ஏழு ஏழாக எட்டு முறை மனசுக்குள் எண்ண வேண்டும். ஐம்பத்தாறு எண்ணும் வரைக்கும் ஒரு சத்தம் வராது. ஏறிய கடல் அப்படியே நிற்கிற நேரம் அது என்பார் சுந்து. ஐம்பத்தாறு முடிந்ததும் மறுபடி நால்வரின் அடியும் ஒன்றாக விழும். அப்புறம் கடல் இறங்க ஆரம்பிக்கும்.

கல்லூரி விழாக்களில் பையன்கள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஐம்பத்தாறையும் கேட்டதை நான் மேடைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாததை ஐந்நூறு பேர் கேட்பது சாதாரணக் காரியமா?

கேசட் போடுகிறவர்களிடம் போனார்கள். மூன்று நிமிடமாகச் சுருக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டு இடத்தில் அதே பதில். மூன்றாவது இடத்தில்தான் ஒருவர் சோப்பு விளம்பரத்தைப் பற்றிப் பேசினார். சுந்துவின் அப்பா வேலைக்குப் போகச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் சொல்ல நான்கு பேருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் மீன் கூடை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்து, பிறகு ஏற்றியவன்தான்.

ஆனால் அதற்குப் பிறகு யாரும் 'ஹை டைட்' கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் சோப்புப் பாட்டையும் டிஸ்கோவையும் கேட்டார்கள். எங்கள் சந்தில் என் பெயர் 'சோப்பு டிரைவர்'. "என்ன மாப்ள, இன்னிக்கு நுரை எந்தப் பக்கம்?" என்பார்கள். நான் உப்பளத்தையும் ஏழு கணக்கையும் விளக்க ஆரம்பித்தால் அவரவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

டெலிவரிச் சீட்டு

பொங்கல் விழாவுக்கு அந்தக் கோஷ்டியைக் கூப்பிடலாம் என்று சொன்னது அண்ணாச்சிதான். வேலாயுத அண்ணாச்சிக்குத் தாராவியில் மளிகைக் கடை. சங்கத்துக்குத் தலைவர். சோப்புப் பாட்டென்றால் அவருக்கு உயிர். கடையில் அரிசி நிறுக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பார்.

"டி.வி.யில வாற ஆளுகள நம்ம மேடையில நிப்பாட்டுதோம். சோப்புப் பாட்டு ரெண்டு தடவ. மத்தது ஆடுத பாட்டு. அந்தக் காலேஜ் உருட்டல் எதுவும் வேண்டாம், சொல்லிப்புட்டேன்."

அதே வாரம் ஜெரோம் எனக்கு ஒரு செய்தி சொன்னார். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வாசிக்க வேலை கிடைத்திருக்கிறது, பொங்கல் முடிந்த வியாழக்கிழமை விமானம். எங்கள் மேடைதான் நால்வரும் சேர்ந்து ஏறுகிற கடைசி மேடை.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. 'ஹை டைட்' கேசட்டாகவில்லை. யாரிடமும் ஒரு பதிவு கிடையாது. அந்த மேடையில் வாசிக்காவிட்டால் அது அவ்வளவுதான். என் ஜனங்கள் கடைசிவரைக்கும் அவர்களைச் சோப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். ஆண்டாப் ஹில்லில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். பாட்டில் பெரிய ஆசை இல்லாதவள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம விழாவுல சீட்டு எழுதிக் குடுத்தா அந்தப் பாட்ட வாசிப்பாங்கல்ல?"

வாசிப்பார்கள். அதுதான் வழக்கம். கூட்டத்திலிருந்து இன்ன பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். நிறையச் சீட்டு வந்த பாட்டைத் தலைவரே தடுக்க முடியாது.

"அப்ப எழுதிற வேண்டியதுதான. எனக்கு ஆறு விதமா எழுத வரும். பள்ளிக்கூடத்துல பாதிப் பேருக்கு லீவு லெட்டர் நாந்தான் எழுதிக் குடுப்பேன்."

உட்கார்ந்து முப்பது சீட்டு எழுதினாள். சாய்ந்த எழுத்து, நிமிர்ந்த எழுத்து, கிழவர் எழுத்து, குழந்தை எழுத்து. எல்லாவற்றிலும் 'ஹை டைட்' வேண்டும். கீழே முப்பது பெயர். இரண்டு பெயர் எங்கள் சந்து ஆட்டுக்குட்டிகளுடையது.

விழாவில் அவள் ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சீட்டை அனுப்பினாள். டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்தது. சுந்து சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

முப்பது சீட்டும் என் டெலிவரிச் சீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் என் டெம்போ நம்பர் அச்சடித்திருந்தது. ஆறு விதமான எழுத்தை யோசித்தவளும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து கிழித்துக் கொடுத்த நானும் சரி, தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சுந்து மைக்கில் நல்லபடியாகத்தான் சொன்னார். "முப்பது பேர் ஒரே பாட்டைக் கேட்டிருக்கா. எல்லாரும் ஒரே டெம்போல வந்திருக்கா போலிருக்கு."

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி மேடைக்குப் போய்ச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"சீனியம்மா யாருலே? என் ஆடு பேருல்லா அது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, என்ன துணிச்சலோ, நிமிர்ந்து சொன்னேன். "அண்ணாச்சி, பொய்ச் சீட்டு அனுப்புனது தப்புதான். ஆனா அந்த ஆளுக சோப்புக்காரங்க இல்ல. இத ஒரு தடவ கேட்டுட்டு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் நீங்க கேட்டாலும் கெடைக்காது. நம்ம சனம் உக்காந்து கேக்கும் அண்ணாச்சி. நான் சொல்லுதேன்."

"நம்ம சனமா? உக்காந்தா?"

"உக்காந்து."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூங்கில் கம்புப் பக்கம் நடந்தார். முதலில் நான் எழுதிய அந்த நிபந்தனையை அங்கே நின்றுதான் போட்டார்.

எழுந்திருக்காதீர்கள்

ஆர்கன் ஆரம்பித்தது. தரையோடு தரையாக அந்தப் பழைய சத்தம்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. சிலர் பேசினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் சோப்பு எப்போது வரும் என்று கேட்டார்கள். நான் அண்ணாச்சியின் கையைப் பார்த்தேன். அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார்.

மூன்றாவது நிமிடம் ஒரு பெண் இடுப்பைத் தூக்கினாள். அண்ணாச்சியின் விரல் சுவிட்சில் இறுகியது. அவள் குழந்தையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஆறாவது நிமிடம் ஒரு பெரியவர் வேட்டியை இழுத்துக் கட்டப் பார்த்தார். உங்கள் அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, இருங்க."

"ஒண்ணுக்குப் போணும் தாயி."

"கொஞ்சம் அடக்குங்க மாமா. பெரிய வெவகாரம் நடக்கு."

அவர் என்ன விவகாரம் என்று தெரியாமலே உட்கார்ந்தார். அந்த மனுஷனுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கிட்டார் ஏறத் தொடங்கியபோது பேச்சு குறைந்தது. எட்டாவது நிமிடம், தோல் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் முழங்காலில் தட்டுவதைப் பார்த்தேன். நாலு நாலாகத் தட்டினார். இடித்தது. நிறுத்தினார். மறுபடி தட்டினார். ஐயா, அது ஏழு என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்தார்.

உச்சிக்குப் போனார்கள். ஒரே அடி. நிறுத்தினார்கள்.

மைதானம் முழுவதும் அமைதி. நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து, பதினொன்று. டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார்.

பன்னிரண்டில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அண்ணாச்சியும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

பொன்னாடை

எங்கள் சங்கத்தில் ஒருவர் வாசித்து முடித்தால் அந்த நிமிடமே பொன்னாடை போர்த்த வேண்டும். தாமதித்தால் மரியாதைக் குறைவு. அண்ணாச்சி இந்த விஷயத்தில் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை, பேச்சு பேச்சுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுவிட்சை விட்டார். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து உதறிக்கொண்டே மேடைப் படி ஏறினார்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு.

"அண்ணாச்சி, எறங்குங்க" என்று கத்தினேன். கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டில் அவர் சுந்துவின் முன்னால் போய், பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சுந்து விரல்களை ஆர்கன் மேல் வைத்தபடி மெதுவாகத் தலையை ஆட்டினார். அடக்கத்துக்காக வேண்டாம் என்கிறார் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு அடி முன்னால் போனார். "தம்பி, இது எங்க மரியாத" என்றார்.

ஐம்பத்தாறு.

நால்வரின் அடியும் ஒன்றாக விழுந்தது.

அண்ணாச்சி ஒரு சாண் உயரம் துள்ளியதைத் தாராவியே பார்த்தது. திரும்பி இறங்கப் பார்த்தார். காலைச் சுற்றி நாலா பக்கமும் ஒயர். ஜெரோம் வாசித்துக்கொண்டே கண்ணால் ஒயரைக் காட்டி, அசையாதீர்கள் என்று ஜாடை செய்தார். அண்ணாச்சி அசையவில்லை. கொடியில் துணி காயப் போடுகிறவர் மாதிரி, விரித்த பொன்னாடையோடு மேடை நடுவில் நின்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். மூங்கில் கம்புப் பக்கம் போய், சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

கடல் இறங்க ஆரம்பித்தது. டிரம்ஸ் ஒவ்வொன்றாக விலகியது. ஜெரோமின் கிட்டார் தனியாக, அவசரமில்லாமல், வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிற மாதிரி போயிற்று. அவர் கண்ணை மூடியிருந்தார். வியாழக்கிழமையைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சிரிப்பு எப்போது அடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. பொன்னாடை மடிந்து அவர் நெஞ்சோடு சேர்ந்தது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஜெரோமின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிற முகம், அன்றைக்கு வேறு யாருடைய முகமோ மாதிரி இருந்தது.

கடைசியில் ஆர்கன் மட்டும் மிஞ்சி, அதுவும் தரையில் ஊறிப் போயிற்று.

யாரும் கை தட்டவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்கள் அல்லவா? எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி சுந்துவைப் பார்த்தார்.

"இப்பமாவது முடிஞ்சுதா, இல்ல இன்னும் இருக்கா?"

"முடிஞ்சுடுத்து, அண்ணாச்சி."

அதற்குப் பிறகு வந்த கைதட்டலை நான் எழுத மாட்டேன். தகப்பன் பீற்றிக்கொள்கிறான் என்பீர்கள். அந்தப் பெரியவர் கை தட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் ஓடியதை மட்டும் எழுதுகிறேன்.

பேசியபடி சோப்புப் பாட்டையும் இரண்டு தடவை வாசித்தார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். நானும் ஆடினேன்.

முதல் பாதி

விளக்குப் போடுகிற நேரம். ரோட்டோரத்தில் டெம்போவை நிறுத்தி ஆர்கனைக் கம்பளியில் சுற்றி ஏற்றிவிட்டோம். ஸ்பீக்கர் பெட்டியும் ஏறிவிட்டது. ஜெரோம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

அண்ணாச்சி வந்தார். என்னைத் தள்ளிக் கூப்பிட்டார். சீட்டுக்காகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொத்தம் எம்புட்டு நேரம்லே அது?"

"இருபத்தொரு நிமிஷம் அண்ணாச்சி."

"நான் கடைசிப் பத்துதான் கேட்டிருக்கேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "மொதப் பாதியில எவன் எந்திரிக்கான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேன். காதுல ஒண்ணும் ஏறல. அந்தக் கிட்டார்ப் பயகிட்ட கேளு, அடுத்த பொங்கலுக்கு வருவானான்னு."

ஜெரோமிடம் ஹிந்தியில் கேட்டேன். வியாழக்கிழமை போனால் திரும்பி வருகிற கணக்கு தெரியாது என்றார். அதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப இப்பம் வாசிக்கச் சொல்லு. மொதப் பாதி மட்டும்."

"பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு அண்ணாச்சி. கரண்டு இல்லாம இந்தக் கிட்டார்ல சத்தம் வராது."

ஜெரோமுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "ஆனே தோ, முருகேசன் பாய்" என்றார். அவர் வரட்டும் என்று அர்த்தம். பீடியை அணைத்தார். அண்ணாச்சிக்குத் தன் பக்கத்தில் இடம் காட்டினார்.

கரண்டு இல்லாத அந்தக் கிட்டாரில் கம்பியின் சத்தம் மட்டும் வந்தது, கொசு பாடுகிற அளவுக்கு. அண்ணாச்சி பின்பலகையில் உட்கார்ந்து, குனிந்து, காதைக் கிட்டாரின் மரத்தோடு வைத்துக்கொண்டார். ஜெரோம் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். ஆர்கன் வர வேண்டிய இடத்தில் சுந்து மெதுவாக வாயால் பாடினார். நான் வண்டியின் பக்கத் தகரத்தில் விரல் நுனியால் ஏழு தட்டினேன்.

'ஹை டைட்' கடைசியாக வாசிக்கப்பட்டது அங்கேதான். என் டெம்போவின் பின்பலகையில், ஒரு மளிகைக் கடைக்காரருக்காக.

ஏறி ஏறி வந்துகொண்டிருந்தபோது, டிராலி சைக்கிள் ஒன்று பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டே வந்தது. அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் நீட்டி ரோட்டை மறித்தார்.

"ஏல, மணி அடிக்காம போ. இங்க பாட்டு நடக்கு."